கேட்காமல் இருந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும்,

பண்டிகை முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யாருடையது என்று தெரியாத ஒற்றைச் செருப்பும் இரண்டு சார்ஜரும் இங்கே மிச்சம். இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். ஆறப் போட்டால் எழுத மாட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அதுவும் தெரியும்.

பண்டிகைக்கு முன்னால் நடந்ததை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்ததுதான். தத்தெடுக்கக் காத்திருந்த எங்களுக்கு, கைக்கு எட்டியது என்று நினைத்த குழந்தை எட்டவில்லை. அந்தக் குழந்தைக்கு நல்லதாகவே முடிந்தது என்று சொன்னார்கள், நம்புகிறோம். நாங்கள் மறுபடியும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறோம். அவ்வளவுதான்.

அந்த வாரம் எங்களைத் தாங்கியவர்கள் நிறையப் பேர். தொட்டிலைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பரணில் வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்; "எப்ப வேணும்னாலும் வந்து கேளுங்க, நானா கொண்டு வந்து நிக்க மாட்டேன்" என்றார். என் விடுப்பு நாட்களை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே மாற்றிப் போட்ட அலுவலகத் தோழி. தத்துக் கொடுக்கும் முன் எங்கள் வீட்டையும் எங்களையும் பார்த்து எழுதும் வீட்டு ஆய்வுக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்த நண்பர்கள். அந்த ஆய்வு அறிக்கைக்குக் காலாவதி உண்டு என்பதால் அதையே மறுபடியும் சலிக்காமல் எழுதித் தந்தீர்கள். பண்டிகைக்கு முந்தைய நாள் மாலை போன் செய்து, "அலுவலகத்தை மூடப் போகிறோம். திறக்கும்வரை என்னிடமிருந்து அழைப்பு வராது. போனைக் கீழே வையுங்கள்" என்று சொன்ன எங்கள் சமூகப் பணியாளர். காத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும் அந்த வாக்கியத்தின் அருமை. குளிக்கப் போகும்போதுகூடப் போனை வாசல்படியில் வைத்துவிட்டுப் போகும் வாழ்க்கை இது. அன்று இரவு அதை மேஜை டிராயரில் போட்டு மூடினேன். எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டியது. கோபித்துக்கொள்ளாதீர்கள், மிச்ச இடம் முழுக்க எங்கள் அக்காவுக்கு வேண்டும்.

அக்கா என்பது என் கணவரின் அண்ணி. எனக்கு ஓரகத்தி. ஓரகத்திகளைப் பற்றி ஊரில் சொல்லும் கதைகளையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் இந்த வீட்டுக்கு வந்தேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் சண்டை போட்டதும் இல்லை, ரொம்ப நெருங்கியதும் இல்லை. அவர் அதிகம் பேசமாட்டார். போனில் இன்னும் குறைவு. "சரி, வெச்சிடறேன்" என்பது அவர் பேச்சில் இரண்டாவது வாக்கியமாகவே வந்துவிடும்.

இந்த முறை எல்லோரும் எங்கள் வீட்டில் கூடுவது என்பது முன்பே முடிவானது. ரத்து செய்துவிடலாமா என்று ஒரு இரவு முழுக்கப் பேசினோம். பண்டிகை எங்களுக்குப் பயமில்லை, கேள்விகள்தான் பயம். "ஏதாவது செய்தி உண்டா?" "பேப்பர் எல்லாம் எந்த அளவில இருக்கு?" "ஏன் இவ்வளவு நாளாகுது? எங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்குச் சட்டுன்னு கிடைச்சுதே!" அப்புறம் எல்லாவற்றுக்கும் தலையாய ஒன்று: "ஒரு பிள்ளையைத் தத்து எடுத்தா அடுத்து சொந்தமாப் பிறக்கும்பாங்க." இதைச் சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வரப்போகிற குழந்தையை ஏதோ மருந்துபோல ஆக்கிவிடுகிற பேச்சு அது. ஒவ்வொரு முறையும் சிரித்துச் சமாளித்திருக்கிறேன். இந்த முறை சிரிப்பு வராது என்று தெரிந்திருந்தது.

வந்தார்கள். பைகள், குழந்தைகள், சத்தம். யாருமே கேட்கவில்லை.

முதலில் நான் கவனிக்கவில்லை. மதியம் போலத்தான் உறைத்தது. வழக்கமாகச் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிடுகிற சித்தப்பா, தண்ணீர் மோட்டாரைப் பற்றி வெகு நேரம் பேசினார். ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து, முகத்தைப் பார்த்து, "ஏம்மா, அந்த..." என்று ஆரம்பித்து, திடுக்கென்று நிறுத்தி, "...அந்த ஜன்னல் திரை எங்க வாங்கினே? நல்லாருக்கே" என்றார். அந்தத் திரை கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் தொங்குகிறது.

மாலையில் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். நாத்தனாரின் சின்னப் பையன் வந்து கதவில் சாய்ந்து நின்றான். போகவும் இல்லை, பேசவும் இல்லை. என்னடா என்றேன்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்கக் கூடாதுன்னு பெரியத்தை சொல்லியிருக்காங்க."

"அப்படி என்னதுடா அது?"

கொஞ்சம் யோசித்தான். "அதைச் சொன்னா கேட்ட மாதிரி ஆயிடும்ல?"

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு விழுந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த அவன் அப்பாதான் மிச்சத்தை ஒப்புக்கொண்டார். அக்கா எல்லோருக்கும் போன் செய்திருக்கிறார். வரப்போகிற ஒவ்வொரு வீட்டுக்கும், பண்டிகைக்கு முந்தைய வாரத்தில், ஒருவர் விடாமல். பழைய தகராறு ஒன்றில் பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு வீட்டுக்கும் சேர்த்து. அங்கே போன் எடுத்தவர் குரலைக் கேட்டு அதிர்ந்துபோய், யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்றுதான் நினைத்தாராம்.

என்ன சொன்னார் என்று பிறகு நாலைந்து பேரிடம் விசாரித்தேன். எல்லோரிடமும் ஏறக்குறைய அதே வார்த்தைகள். எழுதி வைத்துக்கொண்டு படித்திருப்பாரோ என்று தோன்றுகிறது. "அவகிட்ட எதுவும் கேட்காதீங்க. செய்தி வந்தா நானே சொல்றேன், கேட்கணும்னா என்னைக் கேளுங்க. பாவம்னு மூஞ்சியை வெச்சுக்காதீங்க. அவ முன்னாடி பிள்ளைங்களைக் கொஞ்சறதை நிறுத்தாதீங்க. அவங்களா குழந்தையைப் பத்திப் பேசினா, பேச்சை மாத்தாம உட்கார்ந்து கேளுங்க. சரி, வெச்சிடறேன்."

இதில் கடைசி இரண்டும் அவருக்கு எப்படித் தெரிந்தன என்றுதான் இன்னும் வியப்பாக இருக்கிறது. கேட்காதே என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் கேட்காதே என்றால் பெரும்பாலோர் வாயையே மூடிக்கொள்வார்கள். நாம் உள்ளே வந்தால் மடியிலிருக்கும் பிள்ளையை இறக்கிவிடுவார்கள், பள்ளிக்கூடப் பேச்சைப் பாதியில் நிறுத்துவார்கள். அது கேள்வியைவிட மோசம். அக்கா கேள்வியை மட்டும் எடுத்துவிட்டு, குழந்தையை அங்கேயே விட்டுவைத்தார்.

அன்று இரவு அவரிடம் கேட்டேன், எதற்கு அக்கா இவ்வளவு தூரம் என்று. "பின்ன? வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் நீ பதில் சொல்லிட்டிருந்தா வேலையை யாரு பார்க்கறது?" என்றார். பெட்ஷீட்டை உதறி விரித்தார். பேச்சு முடிந்தது.

அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தவர். ஆள் எதிரில் இல்லை, ஆனால் மனதை விட்டும் போகவில்லை. துக்கம் கொண்டாடவும் முடியாது, எதிர்பார்ப்பை விடவும் முடியாது. அந்த நிலைக்கு அவர் தந்த பெயர் 'தெளிவற்ற இழப்பு'. தத்துப் பெற்றோர் பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது எங்கள் நிலையோடு ஒப்பிடக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவர்களுக்காவது முகம் தெரியும். ஆனால் பண்டிகை நாளில் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று எண்ணும்போது விரல் ஒன்று கூடுதலாக மடங்குகிறதே, அது அதேதான் என்று படுகிறது.

அன்று யாரும் கேட்காததால், நாங்களாகவே பேசினோம். இதுதான் நான் எதிர்பார்க்காதது. எல்லோரும் சாப்பிட்டு முடித்துச் சுவரில் சாய்ந்திருந்தபோது, என் கணவர் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தார்.

உங்களில் பலருக்கு இந்த நோட்டு விஷயம் தெரியாது. பெயர் பதிவு செய்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் அதில் ஒரு பக்கம் எழுதுகிறோம். யார் வந்தார்கள், யாருக்கும் யாருக்கும் முட்டிக்கொண்டது, எது உடைந்தது, யார் எதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். வருகிற பிள்ளை பெரியவனாகவோ பெரியவளாகவோ ஆகிப் படித்தால், இந்தக் கும்பலை முன்கூட்டியே தெரிந்துகொண்ட மாதிரி இருக்கட்டும் என்றுதான். உனக்காக எப்படி ஏங்கினோம், எவ்வளவு அழுதோம் என்றெல்லாம் அதில் எழுதுவதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். படிக்கிற பிள்ளைக்கு அது கடன் பத்திரம்போல ஆகிவிடும். நாங்கள் அழுததற்கு அது பொறுப்பில்லை.

அதை முதல் தடவையாக எல்லோர் முன்னாலும் வாசித்தார். ஒவ்வொருவரும் தன் பெயர் வரும் இடத்தில் ஆட்சேபம் தெரிவித்தார்கள். "நான் எங்கே கத்தினேன்?" என்று சித்தப்பா கத்தினார். இந்த வருஷத்துப் பக்கத்தில் ஜன்னல் திரையும் உடைந்த தட்டும் ஏறிவிட்டன. நாத்தனார் பையன் தன் பேனாவால் ஓரத்தில் தட்டை வரைந்தான்.

வீட்டு ஆய்வுக்கு வந்தபோது எங்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, "உங்கள் வீட்டில் பண்டிகைகளை எப்படிக் கொண்டாடுவீர்கள்?" வருமானம், மருத்துவச் சான்று, காவல்துறைச் சான்று ஆகியவற்றுக்கு நடுவில் இது என்ன சாதாரணக் கேள்வி என்று நினைத்து, மளமளவென்று ஒரு பெரிய பட்டியல் ஒப்பித்தோம். அதைப் பற்றி வேறு மாதிரி யோசிக்க வைத்தவர், தத்துப் பிள்ளையாக வளர்ந்த ஒரு நண்பர். விவரம் தெரிந்த வயதில் புது வீட்டுக்குப் போனவர் அவர். முதல் பண்டிகையில் கிடைத்த பரிசையெல்லாம் பிரிக்காமல் ஒரே பைக்குள் திணித்து, கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டாராம். மறுபடியும் எங்காவது கிளம்பச் சொன்னால் தூக்கிக்கொண்டு போக வசதியாக. வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள், ஆனால் "நீ இதுவரைக்கும் எப்படிக் கொண்டாடினே?" என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை என்றார். எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "எல்லா வழக்கத்தையும் நீங்களே முடிவு பண்ணி வெச்சிடாதீங்க. கொஞ்சம் காலியா விடுங்க."

ஐ.நா. பொதுச்சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 20ஆம் பிரிவும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது: பெற்ற குடும்பத்தைப் பிரிந்த குழந்தைக்கு வேறு வீடு தேடும்போது, அதன் வளர்ப்பில் தொடர்ச்சி இருப்பது நல்லது என்பதையும், அதன் இனம், மதம், பண்பாடு, மொழிப் பின்னணியையும் உரிய முறையில் கருத்தில் கொள்ள வேண்டும் என்று. நாங்கள் காத்திருக்கிற குழந்தை இந்நேரம் பிறந்திருக்கலாம். இந்தப் பண்டிகையை அது எங்கோ, யாருடனோ கழித்திருக்கும். எங்கள் கையில் வரும்போது அது எதையோ இழந்துவிட்டுத்தான் வரும். நாங்கள் சந்தோஷத்தில் அதை மறந்துவிடக் கூடாது.

அதனால் சிலவற்றை இப்போதே எல்லோர் முன்னாலும் சொல்லி வைத்துவிடுகிறேன், பிறகு பின்வாங்க முடியாதபடி. குழந்தை எந்தப் பெயரோடு வந்தாலும் அந்தப் பெயரைத் தூக்கி எறிய மாட்டோம். அதை வளர்த்தவர்களிடம் என்ன பாட்டுக்குத் தூங்கும், எந்தச் சோப்பு, எந்தப் போர்வை என்று கேட்டு வாங்கி வருவோம். போர்வையைத் துவைக்க மாட்டோம், பழகிய வாசனை கொஞ்ச நாள் இருக்கட்டும். வந்த பிறகு வரும் முதல் பண்டிகை சின்னதாகத்தான் இருக்கும். இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்ச ஆசைப்படுவீர்கள். ஆனால் எங்களுக்கு முன்னால் இந்த வழியில் போனவர்கள் எல்லோரும் ஒன்றுபோல் சொல்வது, ஆரம்பத்தில் ஊட்டுவதும் தூக்குவதும் அழுதால் சமாதானப்படுத்துவதும் அப்பா அம்மா கைகளாகவே இருக்கட்டும் என்பதுதான். கைக்குக் கை மாறிப் பழகிய குழந்தைக்கு, இவர்கள்தான் நம்மவர்கள் என்று பிடிபட நாளாகும். வாசலில் நின்று கையசைத்துவிட்டுப் போகச் சொன்னால் தயவுசெய்து வருத்தப்படாதீர்கள்.

இன்னொன்று. நம் குடும்பத்தில் பண்டிகைக்கு வரப் பயப்படுகிறவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை. வேலை போன தம்பி இருக்கிறான், வரன் பார்த்துக்கொண்டே இருக்கும் தங்கை இருக்கிறாள், பரீட்சையில் தவறிய பிள்ளை இருக்கிறது. அடுத்த முறை யார் வீட்டில் கூடினாலும், முந்தைய வாரம் எல்லோருக்கும் போன் போடும் வேலை என்னுடையது. அக்காவிடம் சொல்லிவிட்டேன். "பேச்சை இழுக்காம சுருக்கமா சொல்லு" என்றார்.

இந்த மடலில் தன் பெயர் வரக் கூடாது என்பது அவர் நிபந்தனை. போடவில்லை. நன்றி சொல்லக் கூடாது என்றும் சொன்னார். அதை என்னால் கேட்க முடியாது.

அக்கா, ரொம்ப நன்றி.

மற்ற எல்லோருக்கும் ஒரு சின்ன வேலை: ஒற்றைச் செருப்புக்குச் சொந்தக்காரர் யார் என்று சொல்லுங்கள். செய்தி வரும் நாளில் உங்களுக்குப் போன் செய்யப் போவது நானல்ல, அக்காதான். உங்கள் எண் அவரிடம் இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.