மேட்டு வயல் மண்

அன்புள்ள தம்பிக்கு,

மண் லாரிக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். மேட்டு வயலில் ஒரு அடி எடுத்துக்கொள்ளலாம் என்று நீ போனில் சொல்லிவிட்டாயாம். வயல் தாழ்ந்தால் தண்ணீர் ஏறும், காசும் வரும் என்ற கணக்கு சரிதான். அந்த மூன்று மா நிலமும் மேடு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் மேல் மண்ணைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

நாம் இருப்பது ஒரத்தநாட்டுப் பக்கம். 1934-ல் மேட்டூர் அணை முடிந்து, புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்த பிறகு நஞ்சையான பூமி. கும்பகோணத்துக் களிமண் சத்தைத் தானே பிடித்துவைக்கும். நம்முடையது மணல் கலந்த செம்மண். இங்கே அந்த வேலையை மக்குதான், அதாவது இலைதழையும் எருவும் மக்கி மண்ணோடு சேர்ந்ததுதான், பெரிதும் பார்க்கிறது. சத்து மண்ணில் மின் சுமையுள்ள துகளாக, அயனியாக இருக்கும். செம்மண்ணில் இருக்கிற களி 100 கிராமுக்கு அதில் 3 முதல் 15 மில்லி ஈக்விவலன்ட் (அயனியை அளக்கும் அலகு) பிடித்தால், நன்றாக மக்கியது 200 வரைகூடப் பிடிக்கும். அது இருப்பதெல்லாம் உழவு போகிற அந்த மேல் அரை அடியில்தான்.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் பாடம் நடத்தியவள், கொஞ்சம் பொறுத்துக்கொள். 1850 வாக்கில் இங்கிலாந்தில் ஜான் தாமஸ் வே என்பவர் மண் நிரப்பிய குழாயில் அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினார். அடியில் வடிந்தது கால்சியம் சல்பேட்! அம்மோனியத்தை வைத்துக்கொண்டு, மண் தன்னிடமிருந்த கால்சியத்தை விட்டிருக்கிறது. மக்கின் மேல் எதிர்மின் சுமை உண்டு. அதனால் அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் அதில் ஒட்டி நிற்கும். பயிரின் வேர் ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்து அவற்றை வாங்கிக்கொள்ளும். பண்டமாற்றுதான். நைட்ரேட்டுக்கு இருப்பதும் எதிர்மின் சுமை, அதனால் அது ஒட்டாது. வயல் காய்ந்தால் அந்த அம்மோனியமே நைட்ரேட்டாக மாறிவிடும். அடுத்த தண்ணீரில் கீழே போய்விடும். யூரியா மண்ணில் அம்மோனியமாகத்தான் மாறும். யூரியா போட்ட வயலைக் காயவிடாதே என்று நான் ஆள்களிடம் கத்துவது இதற்காகத்தான்.

மேல் மண் போனால் எத்தனை மூட்டை உரம் கொட்டினாலும் தங்க இடம் இருக்காது. பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழலாம், எரு அடிக்கலாம், ஆனால் நம் ஊர் வெயிலில் மக்கு சீக்கிரம் கரையும். இழந்ததைச் சேர்க்க வருஷக் கணக்காகும்.

மேட்டைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. மேல் முக்கால் அடியை வழித்து வரப்போரம் குவிக்கட்டும். அடிமண்ணில் வேண்டியதை அள்ளிக்கொண்டு, மேல் மண்ணைத் திரும்பப் பரப்பட்டும். மனை மேடாக்கத்தானே கேட்கிறார், அதற்கு எந்த மண்ணாயிருந்தால் என்ன? ஜேசிபி வாடகை கூடும் என்று முனகுவார். விலையில் கழித்துக்கொள்ளச் சொல். ஒத்துவராவிட்டால் விட்டுவிடு.

வீட்டுக் கடன் தவணைக்காகத்தான் இந்த யோசனை என்றால் என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். என் வளையல் இரண்டும் பீரோவில் சும்மாதான் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரிடம் பேசிவிடு, அதற்கு அடுத்த நாள் லாரி வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா