அந்த அட்டைகளை எடைக்குப் போட வேண்டாம்

உதகமண்டலம்,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை நல்லபடியாக முடிந்ததையும், கட்டுப் பிரித்த மறுநாளே தெருமுனைப் பெயர்ப்பலகையைக் கண்ணாடி இல்லாமல் படித்ததையும் நீங்கள் எழுதியிருந்தது கண்டு வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே உறைபனி இன்னும் விட்டபாடில்லை. தலைக்குந்தாப் பக்கம் புல்வெளி காலையில் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. காரட் போட்டவர்கள் விடிந்ததும் விடியாததுமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள். என் முழங்கால் வலியும் பனியோடு சேர்ந்துதான் போகும் போலிருக்கிறது.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில், திரைப்படங்களின் தலைப்பும் பெயர்களும் காட்ட நீங்கள் கையால் எழுதிய டைட்டில் அட்டைகள் அறுபதுக்கு மேல் இருப்பதாகவும், இடமில்லாததால் எடைக்குப் போட்டுவிடலாமா என்று மகன் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து போட வேண்டாம்.

கோடம்பாக்கம் போவதற்கு முன், இந்த ஊர்த் திரையரங்குக்கு நீங்கள் கண்ணாடிச் சிலைடு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், நம் அறையின் ஒரே மேசையில் நீங்கள் தூரிகை பிடிப்பதைப் பார்த்துத்தான் திரையில் எழுத்து எப்படி நிற்கிறது என்பதை நான் கற்றேன். பிறகு விடுமுறையில் வந்தபோது ஆப்டிகல் வேலையை விளக்கினீர்கள். கறுப்பு அட்டையில் வெள்ளையால் எழுதியதைப் படம் பிடித்துக் காட்சியின் மேல் ஏற்றும்போது ஒளியின் மேல் ஒளிதான் கூடும், கறுப்பைக் கூட்ட முடியாது. பின்னால் வானமோ வெள்ளைச் சுவரோ வந்துவிட்டால் எழுத்து அதில் கரைந்துபோகும். அதைத் தடுக்க எழுத்துக்கு நிழல் வேண்டும். நிழல் வேண்டுமானால், அது விழும் இடத்தை இரண்டாவது அட்டையில் தனியாக எழுதி, அதையே மறைப்பாக வைத்து, அங்கே காட்சியின் ஒளி பதியாமல் காக்க வேண்டும். இரண்டு அட்டைக்கும் நடுவே மயிரிழை விலகினாலும் திரையில் அது விரல் அகலத்துக்குத் தெரியும் என்றீர்கள். நான்கு நொடி நின்று மறையும் ஒரு பெயர் 96 கட்டங்கள் (ஃபிரேம்கள்), அதாவது 6 அடிப் படச்சுருள். அந்த 6 அடிக்காக நீங்கள் இரண்டு இரவுகள் கண் விழித்ததுண்டு.

என் பங்கு அதன் மறுபக்கத்தில் இருந்தது. 1967-இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சினிமாச் சுருளும் எக்ஸ்ரே சுருளும் செய்துகொண்டிருந்த இருட்டில், என் இளமை முழுவதும் கழிந்தது. கறுப்பில் சிறிது சாம்பல் தட்டினாலும் வெள்ளை எழுத்தின் ஓரம் சோர்ந்துவிடும் என்பதால், நான் எந்தப் படத்துக்குப் போனாலும் முதலில் பெயர்கள் ஓடும்போது கறுப்பைத்தான் பார்ப்பேன். நீங்கள் பக்கத்து இருக்கையிலிருந்து எழுத்தைப் பார்ப்பீர்கள். ஆலை மூடிய பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

இப்போது அட்டைகளைக் காக்கச் சொல்வதற்கான முதற்காரணத்துக்கு வருகிறேன். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, பெரியார் 1935 முதல் தம் 'குடி அரசு' இதழில் கையாண்ட வடிவங்கள் பாடநூல்களுக்கும் அச்சகங்களுக்கும் வந்தன. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தலையில் ஏறியிருந்த துதிக்கை போய்த் தனிக் கொம்பு வந்தது. ணா, றா, னா ஆகியவை உடம்போடு சுழன்ற வாலை விட்டுத் தனிக் கால் பெற்றன. படிக்கும் குழந்தைகளுக்கு அது நல்ல மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எழுத்தை வரைகிறவருக்கு அகலக் கணக்கே மாறிவிட்டது. 'தில்லானா மோகனாம்பாள்' என்ற பெயரில் னா இரண்டு இடங்களில் வருகிறது. பழைய முறையில் எழுதினால் இரண்டும் ஒற்றை உருவங்கள், புதிய முறையில் எழுதினால் வரிக்கு இரண்டு கால்கள் கூடுகின்றன. 'திருவிளையாடல்' நடுவில் உள்ள ளையும் அப்படியே. நடுவைக் குறித்துக்கொண்டு இருபுறமும் சரியாகப் பகிர்ந்து எழுதிய பெயர் அதனால் ஒரு பக்கம் சாய்கிறது. புதிய லையை எழுதக் கை பழக ஓராண்டு ஆயிற்று என்று நீங்கள் அப்போது எழுதியிருந்தீர்கள். அந்தக் கை மாறியதன் தடம், உங்கள் பெட்டியில் ஓர் அட்டையிலிருந்து அடுத்ததற்குத் தெரியும். வேறெங்கே போய் அதைப் பார்ப்பது?

இரண்டாவது காரணம் சென்ற மாதம் மனத்தை வருத்தியது. நாம் இருவரும் சேர்ந்து பார்த்த ஒரு பழைய படத்தைப் புதுப்பித்துத் தொலைக்காட்சியில் போட்டார்கள். படம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. தலைப்பும் பெயர்களும் மட்டும் கணினி எழுத்துருவில் புதிதாக அடிக்கப்பட்டிருந்தன. அந்தக் கதை எந்தக் காலத்தது என்பதை முதல் நொடியிலேயே சொல்லியிருந்த எழுத்து போய்விட்டது. முடிவில் வந்த 'சுபம்' கூட அப்படித்தான். அந்தச் சொல்லை எழுதியவர் சு-வின் சுழிப்பைக் கீழே இழுத்து, ம் மேலுள்ள புள்ளியைச் சிறிய மலராக்கியிருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். குளிருக்குப் போர்வையை இழுத்துக்கொண்டு எல்லோரும் கடைசிப் பேருந்துக்கு ஓடுவார்கள். நாம் மட்டும் அந்த அட்டை மறையும்வரை நிற்போம். சில படங்கள் 'சுபம்' என்று முடியாமல் 'வணக்கம்' என்று கைகூப்பி முடிந்தன. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும், பார்த்தவர்களை மரியாதையோடு வழியனுப்புவதால்.

சத்யஜித் ராய் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்து வந்தவர். தம் படங்களின் எழுத்துகளையும் சுவரொட்டிகளையும் தாமே வரைந்தார். 'ராய் ரோமன்' என்ற ஆங்கில எழுத்துருவும் அவருடையது. அவர் வரைந்தவற்றை இன்று போற்றிப் பார்க்கிறார்கள். தமிழில் அதே வேலையைச் செய்தவர்களின் கையெழுத்தை நாம் எடைக்குப் போடுவது எந்த வகையிலும் சரியில்லை.

அட்டைகளை நெகிழிப் பையில் போட வேண்டாம். சென்னையின் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவே அமிலம் இல்லாத தாளை வைத்துப் படுக்கையாக அடுக்குங்கள். ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து மகனைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் படத்துக்கு, எந்த ஆண்டு என்பதை நினைவிருக்கும்போதே பின்புறம் பென்சிலால் எழுதிவிடுங்கள். பிறகு தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இவற்றின் அருமையை அறிவார்கள்.

பெட்டியில் இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். டைட்டில் எழுதியவராக உங்கள் பெயரை நீங்களே எழுதிய அட்டை ஒன்று இருந்தது. மற்ற எல்லோருடைய பெயரையும்விட அதைச் சிறிதாக எழுதியிருந்தீர்கள். சித்திரையில் வீட்டாரோடு இங்கே வரும்போது அதைக் கையோடு கொண்டு வாருங்கள். ஒரு முழு நாள் அதை என் மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய அறைத்தோழன்.