விளம்பரச் சந்தையைக் கைமாற்றிய கொள்முதல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேடல் விளம்பர வருவாய்க்காகப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு பிற நிறுவனங்களை வாங்குவது பற்றிய செய்திகள், யார் எவ்வளவு விலை கொடுத்தார் என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. வாங்கப்பட்ட நிறுவனம் விளம்பரச் சந்தையில் எந்த இடத்தில் இருந்தது, அது கைமாறிய பின் அதன் வழியே ஓடும் பணமும் தகவலும் யாருடைய பிடிக்குள் போயின என்ற கேள்விகளை அவை தொடுவதில்லை. இந்தக் குறை செய்தித்தாள்களோடு நிற்கவில்லை. அனுமதி கொடுத்த ஒழுங்குமுறை அமைப்புகளிடமும் இருந்தது என்பதை எடுத்துக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தேடல் சொற்களை ஏலம் விட்டு, விளம்பரத்தை ஒருவர் கிளிக் செய்தால் மட்டும் கட்டணம் பெறும் முறையை 1998-இல் வணிகமாக்கிய நிறுவனம் கோடூ.காம், பின்னர் அது ஓவர்ச்சர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2003-இல் யாகூ அதனை ஏறத்தாழ 163 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்குச் சற்று முன்னரே இங்க்டோமி தேடுபொறியும் யாகூவிடம் வந்திருந்தது. தேடுபொறி, விளம்பர ஏலம் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் யாகூ பின்தங்கியது. அதிகத் தொகை கேட்டவருக்கு முதலிடம் என்ற பழைய முறையை மாற்ற அதற்கு 2007 வரை பிடித்தது. கூகுளோ 2002 முதலே ஏலத்தொகையோடு, அந்த விளம்பரம் எந்த அளவுக்குக் கிளிக் செய்யப்படுகிறது என்பதையும் கணக்கில் எடுத்து வரிசைப்படுத்தி வந்தது. பொருத்தமற்ற விளம்பரம் எவ்வளவு பணம் கட்டினாலும் மேலே நிற்க முடியாது என்பதால் தேடுபவருக்கும் அது பயன்பட்டது, ஒவ்வொரு தேடலிலிருந்தும் கிடைக்கும் வருவாயும் கூடியது. இந்தக் கட்டத்தில் கூகுள் பெற்ற வெற்றி அதன் திறமையால் வந்தது என்பதை ஒப்புக்கொள்வதே நியாயம்.

ஆனால் இந்தத் தொழிலுக்கு ஓர் இயல்பு உண்டு. ஏலத்தில் விளம்பரதாரர் பெருகினால் ஒரு கிளிக்குக்கான விலை உயர்கிறது; விலை உயர்ந்தால் ஒவ்வொரு தேடலும் கூடுதலாகச் சம்பாதித்துத் தருகிறது; அந்தப் பணத்தைக் கொண்டு உலாவிகளிலும் கைபேசிகளிலும் இயல்பு தேடுபொறி (பயனர் எதையும் மாற்றாமலே தேடலுக்குப் பயன்படும் தேடுபொறி) என்ற இடத்தை விலைக்கு வாங்க முடிகிறது; அதனால் தேடல்கள் மேலும் பெருகி, விளம்பரதாரர்களும் மேலும் வந்து சேர்கிறார்கள். இப்படி இயல்பிடத்துக்காக மட்டும் கூகுள் 2021-இல் 2,630 கோடி டாலர் செலுத்தியது என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்து வந்தது என்று தீர்ப்பளித்தார். இந்தச் சுழற்சிக்குள் நுழைய முடியாதவர்களுக்கு, ஏற்கெனவே அளவில் பெருத்த வேறொருவரை வாங்குவது ஒன்றே வழியாகத் தெரிந்தது. 2008 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் யாகூவை 4,460 கோடி டாலருக்குக் கேட்டதற்கான காரணமும் இதுதான். அது கைகூடவில்லை. அதே ஆண்டு யாகூ கூகுளுடன் செய்துகொண்ட விளம்பர உடன்பாடும், அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகம் வழக்குத் தொடுக்கும் என்ற நிலையில் நவம்பரில் கைவிடப்பட்டது.

எல்லோருடைய கவனமும் அந்தப் பெரிய பேரத்தில் இருந்தபோது, அதைவிடப் பன்மடங்கு சிறிய ஒரு கொள்முதல் அனுமதி பெற்றுக்கொண்டிருந்தது. 2007 ஏப்ரலில் டபுள்கிளிக் என்ற இணைய விளம்பர நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகக் கூகுள் அறிவித்தது. அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் அகுவான்டிவ் என்ற மற்றொரு இணைய விளம்பர நிறுவனத்துக்குச் சுமார் 600 கோடி டாலர் தர முன்வந்தது. 2012-இல் ஏறக்குறைய அந்தத் தொகை முழுவதையும் இழப்பாக எழுத வேண்டியதாயிற்று. இரண்டு மடங்கு விலை கொடுத்தவர் தோற்றதையும், பாதி விலை கொடுத்தவர் சந்தையையே பெற்றதையும் விலையைக் கொண்டு விளக்கிவிட முடியாது. இணையதளங்கள் தங்கள் விளம்பர இடத்தை நிர்வகிக்கும் சேவையகம் டபுள்கிளிக்கிடம் இருந்தது. தேடல் விளம்பரத்தால் திரண்ட விளம்பரதாரர் கூட்டம் கூகுளிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்ததும், விற்பவரின் முகவர், வாங்குபவரின் முகவர், இடையில் ஏலம் நடத்துபவர் என்ற மூன்று பொறுப்புகளும் ஒரே நிறுவனத்திடம் குவிந்தன.

இந்தக் கொள்முதலுக்கு போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2007 டிசம்பரில் 4-க்கு 1 என்ற வாக்கில் அனுமதி கொடுத்தது; ஐரோப்பிய ஆணையம் 2008 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. இரு நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று நேரடிப் போட்டியாளர்கள் அல்ல என்பதே அனுமதிக்கான அடிப்படை. மாற்றுக் கருத்தைப் பதிவு செய்த ஆணையர் பமேலா ஜோன்ஸ் ஹார்பர், இரு தரப்பின் தகவல்களும் இணையும்போது ஏற்படக்கூடிய விளைவைச் சுட்டிக்காட்டினார். அவர் ஒருவரே சரியான கேள்வியைக் கேட்டவர் என்பது என் உறுதியான கருத்து. டபுள்கிளிக் திரட்டும் உலாவல் விவரங்களைப் பயனரின் பெயரோடு இணைக்க வழிவிட்டு, 2016-இல் கூகுள் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியது.

2025 ஏப்ரலில் நீதிபதி லியோனி பிரிங்கெமா, இணையதளங்களுக்கான விளம்பரச் சேவையகம், விளம்பர இடங்கள் ஏலம் விடப்படும் விளம்பரப் பரிமாற்றகம் ஆகிய இரு சந்தைகளில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் செலுத்தியது என்றும், ஒன்றைப் பெற மற்றொன்றையும் ஏற்குமாறு பிணைத்தது என்றும் தீர்ப்பளித்தார். டபுள்கிளிக்கை வாங்கியதே போட்டிக்கு எதிரானது என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. கூகுளின் ஆதரவாளர்கள் இதனை அந்தக் கொள்முதலுக்குக் கிடைத்த நற்சான்றாகக் காட்டக்கூடும். என் பார்வையில் அது வேறொன்றைச் சொல்கிறது: வாங்கும்போது நிபந்தனை விதிக்காவிட்டால், பதினேழு ஆண்டுகளுக்குப் பின் நடத்தையைத்தான் தண்டிக்க முடியும், அதற்குள் விளம்பர வருவாயை நம்பியிருந்த பதிப்பாளர்களுக்கு ஏற்பட்ட இழப்பை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

ஆகவே, போட்டி ஒழுங்குமுறை அமைப்புகள் இத்தகைய கொள்முதல்களுக்கு அனுமதி கொடுக்கும்போது, சில ஆண்டுகள் கழித்து மறு ஆய்வு செய்யும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொள்ள வேண்டும். தகவல்களை இணைக்கக் கூடாது, சேவைகளைப் பிணைக்கக் கூடாது என்ற நிபந்தனைகளை அனுமதியோடு சேர்த்தே எழுத வேண்டும். செயற்கை நுண்ணறிவு உரையாடல் சேவைகள் தேடலின் இடத்தைப் பிடிக்க முயலும் இந்நாளில், அவற்றிலும் விளம்பரம் புகும்போது இதே வகைக் கொள்முதல்கள் மீண்டும் வரும். அப்போது தங்கள் நாளிதழ் விலையோடு சேர்த்து, வாங்கப்படும் நிறுவனம் சந்தையில் யாருக்கும் யாருக்கும் இடையில் நிற்கிறது என்பதையும் விரிவாக எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்