டேனிஷ் மருந்துக்கடையில் கேட்கத் தெரிந்தால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டென்மார்க்கில் படிக்கவும் வேலை பார்க்கவும் செல்லும் நம் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்கச் சென்று இரண்டு மூன்று மாதம் தங்கிவரும் என்னைப் போன்ற பெற்றோரும் மருந்துக்கடைக்கென்று சில டேனிஷ் வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்கிறோம். 'யாய் ஹார் ஓன்ட் ஈ ஹால்சன்' என்றால் தொண்டை வலிக்கிறது என்று பொருள். கழுத்துக்கும் தொண்டைக்கும் 'ஹால்ஸ்' என்ற ஒரே சொல்தான் என்றாலும், இப்படிச் சொன்னால் தொண்டை வலி என்றே எடுத்துக்கொள்வார்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைச் சொல்லவும் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் நாம் கேள்வி கேட்கப் பழகும் அளவுக்கு, எதிரில் இருப்பவர் சொல்லும் பதிலைப் புரிந்துகொள்ளப் பழகுவதில்லை என்பதே என் கவலை.

ஆர்ஹூஸ் நகரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துப் புட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் 2,5 மில்லிலிட்டர் என்றும், அதன் பக்கத்தில் 6 என்ற எண்ணும், ஆங்கிலத்தில் 'டைம்' என்று எழுதும் அதே நான்கு எழுத்துகளும் இருந்தன. ஆங்கிலம் அறிந்த நானும் மகளும் அதை நாளுக்கு ஆறு முறை என்றே படித்தோம். கடையை விட்டுக் கிளம்புமுன், மனப்பாடம் செய்திருந்த 'வோர் டிட்?', அதாவது 'எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை?' என்ற கேள்வியை எதற்கும் கேட்டு வைப்போமே என்று கேட்டேன். மருந்து கொடுத்த பெண்மணி நான்கு விரல்களைக் காட்டி, பெட்டியின் மேல் 6, 12, 18, 24 என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். டேனிஷில் அந்தச் சொல்லை 'டீமெ' என்று உச்சரிக்கிறார்கள்; பொருள் மணி நேரம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய மருந்தை ஆறு முறை கொடுத்திருப்போம் என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

அங்கே எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்களே என்று சிலர் சொல்வது உண்மைதான். ஆனால் புட்டியில் ஒட்டும் சீட்டும் பெட்டிக்குள் இருக்கும் விளக்கத் தாளும் டேனிஷில் இருக்கின்றன. நள்ளிரவில் குழந்தை அழும்போது நம் கையில் இருப்பவை அவைதான். அந்த 2,5 கூட இரண்டரையைத்தான் குறிக்கிறது. தசமப் புள்ளியின் இடத்தில் அவர்கள் காற்புள்ளி இடுகிறார்கள்.

'ஹால்' என்று தொடங்கும் சொற்களில்தான் நாம் மிகவும் தடுமாறுகிறோம். தமிழில் எட்டுடன் அரை சேர்ந்தால் எட்டரை. டேனிஷில் 'ஹால் ஓடெ' என்றால், எட்டை நோக்கிய அரை, அதாவது ஏழரை மணி. 'ஹாலானென்' என்பது ஒன்றரை. முதல் அசையை மட்டும் கேட்டவர் அரை மாத்திரையோடு நிறுத்திவிடுவார். ஐம்பது, எழுபது, தொண்ணூறு ஆகிய எண்களும் இதே அசையில் தொடங்குவதால், மில்லிகிராம் அளவைக் காதால் மட்டும் கேட்டு நம்பாமல், எழுதித் தரும்படி கேட்பதே நல்லது.

இன்னொரு சொல்லையும் குறிப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் பரிசைக் குறிக்கும் 'கிஃப்ட்' என்ற அதே எழுத்துகள் டேனிஷில் நஞ்சைக் குறிக்கும். திருமணமானவர் என்ற பொருளும் அதற்கு உண்டு. நஞ்சு குறித்து ஆலோசனை கேட்கும் தொலைபேசிச் சேவையின் பெயரும் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. அதன் எண் 82 12 12 12. உயிருக்கு ஆபத்தென்றால் 112.

வெளிநாடு செல்வோருக்குத் தாங்கள் வெளியிடும் குறிப்புகளில் வணக்கம், நன்றி போன்ற சொற்களோடு, மருந்துச் சீட்டில் வரும் இத்தகைய சொற்களையும் உச்சரிப்புடன் தமிழில் அச்சிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்