உங்கள் நிலையத்துக் கூரையில் எங்கள் பெட்டிக்கும் ஓர் ஓரம் கொடுங்கள்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவருக்கும், காற்றுத் தர நிலையங்களைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ராயபுரம், கொடுங்கையூர், மணலி கிராமம் ஆகிய இடங்களில் காற்றைத் தொடர்ந்து கண்காணிக்கும் நிலையங்கள் உள்ளன. அவற்றின் கூரையில், காற்று உறிஞ்சும் குழாய்க்குப் பக்கத்தில், நுண்துகளை, அதாவது காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூசியை அளக்கப் பொதுமக்கள் வைத்திருக்கும் மலிவு விலை சென்சார் பெட்டிகளை ஒரு வருடம் மாட்டி வைக்க அனுமதி வேண்டும். நிதி எதுவும் கேட்கவில்லை. ஓர் ஆணியும் ஒரு பிளக் பாயின்ட்டும் போதும்.

என்னைப் போன்றவர்கள் மொட்டை மாடியில் மாட்டியிருக்கும் பெட்டி பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. பிளம்பிங் கடையில் வாங்கிய இரண்டு பிவிசி எல்போக்களை ஒன்றோடொன்று செருகினால் மழை புகாத கூடு தயார். உள்ளே உள்ளங்கையில் அடங்கும் ஒரு லேசர் சென்சார், ஈரப்பதம் பார்க்க ஒரு சிப், தரவை இணைய வரைபடத்துக்கு அனுப்ப ஒரு வைஃபை போர்டு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத் தன்னார்வலர்கள் 2015இல் தொடங்கிய திட்டத்தின் வடிவமைப்பு இது. எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்தான். அரசு நிலையம் ஒன்றுக்கு ஆகும் செலவு கோடி ரூபாயைத் தொடும் என்பதால், தெருவுக்குத் தெரு அதை வைக்கச் சொல்லி யாரும் கேட்க முடியாது. ஆனால் கண்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்துத் தெருவின் காற்றும், அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள நிலையத்தின் காற்றும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

எங்கள் பெட்டி காட்டும் எண்ணை எங்கே கொண்டுபோனாலும் முதல் கேள்வி, "இது அங்கீகரிக்கப்பட்ட கருவியா?" என்பதுதான். நியாயமான கேள்வி. நம் நாட்டின் காற்றுத் தரக் குறியீட்டைக் கணக்கிடக் குறைந்தது மூன்று மாசுகளின் அளவு வேண்டும். அதில் ஒன்று நுண்துகளாக இருக்க வேண்டும். ஒரு நாளில் 16 மணி நேரத் தரவாவது இருக்க வேண்டும். எங்கள் பெட்டி பார்ப்பது நுண்துகளை மட்டும். அதையும் அது எடை போட்டுப் பார்ப்பதில்லை. சின்ன விசிறி காற்றை இழுக்கும், லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறும், அந்தச் சிதறலை வைத்து எடையை ஊகிக்கும். பீட்டா கதிர் முறையில் இயங்கும் நிலையக் கருவி அப்படியல்ல. தூசியை வடிகட்டி நாடாவில் படிய வைத்து, கதிர் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று அளந்து எடையைச் சொல்கிறது. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தையும் போக்கிவிடுகிறது.

சிக்கலே இந்த ஈரத்தில்தான். மார்கழி விடியலில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும்போது காற்றில் உள்ள துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடும். பெட்டிக்குத் தூசி எது, தண்ணீர் எது என்று தெரியாது, எண் எகிறும். நம்முடையது கடலோர ஊர். உப்புத் துகள் மற்றதைவிட வேகமாக நீரை இழுக்கும். அப்புறம் போகி அன்று அதே பனியில் புகையும் சேர்ந்துகொள்ளும். அன்று பெட்டி காட்டும் எண்ணில் எவ்வளவு புகை, எவ்வளவு பனி என்று பிரித்துச் சொல்ல எங்களால் ஆகாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பர்ப்பிள்ஏர் என்ற மலிவு சென்சாரை அரசு நிலையக் கருவிகளின் அருகே வைத்து ஒப்பிட்டு ஒரு திருத்தச் சமன்பாட்டை உருவாக்கியது. சென்சார் காட்டும் எண்ணை ஏறக்குறையப் பாதியாக்கி, ஈரப்பதத்துக்குத் தக்கபடி இன்னும் கொஞ்சம் கழித்து, ஒரு நிலையான எண்ணைக் கூட்டுவார்கள். அவ்வளவுதான். 2020இல் காட்டுத்தீப் புகை மேற்கு மாநிலங்களை மூடியபோது, இப்படித் திருத்திய எண்களை அரசின் வரைபடத்திலேயே காட்டினார்கள். ஆனால் அந்தச் சமன்பாடு அவர்கள் ஊர்க் காற்றுக்குப் போட்டது. எண்ணூரின் சாம்பலுக்கும் உப்புக்கும் நாமே போட்டுப் பார்த்தால்தான் உண்டு.

நம் ஊர் மக்களுக்கு இந்த வேலை புதிதும் அல்ல. 2004இல் கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள், உள்ளே பை பொருத்திய பிளாஸ்டிக் வாளியால் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில் என்ன நாற்றம் அடித்தது என்று குறித்தும் வைத்தார்கள். மணலிப் பக்கத்து நாற்றத்துக்கு இன்றும் அந்த வழிதான் பொருந்தும். வாயுக்களை அளக்கும் மலிவு சென்சார்கள் வெயிலில் அளவு பிசகுகின்றன. ஒரு வாயுவுக்கு இன்னொன்றைக் காட்டுகின்றன. அதனால் இந்த மடல் நுண்துகளோடு நிற்கிறது.

பெட்டி தொங்கும் ஒரு வருடத்துக்கு, நிலையத்தின் மணிவாரித் தரவோடு, கருவி எப்போது பழுதுபார்க்கப்பட்டது, எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது என்ற குறிப்பும் வேண்டும். அது இல்லாமல் ஒப்பிட்டால், எந்தப் பக்கம் பிழை என்று தெரியாது. எங்கள் பக்கம், திருத்தாத எண், திருத்திய எண், சமன்பாடு மூன்றையும் யாரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைப்போம். லேசரின் ஆயுள் சுமார் 8,000 மணி நேரம். விடாமல் ஓடினால் ஒரு வருடம்கூட வராது. விசிறியில் தூசி அடையும், பூச்சி கூடு கட்டும். ஆகவே மாடிப் பெட்டிகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் உங்கள் கூரைக்குக் கொண்டுவந்து சரிபார்ப்பதும் இதில் சேர்த்தி.

இந்த எண்களை வைத்து எந்த ஆலை மீதும் வழக்குப் போடச் சொல்லவில்லை. அதற்கு உங்கள் கருவியும் உங்கள் ஆய்வகமும் இருக்கின்றன. நடமாடும் கண்காணிப்பு வண்டியை எந்தத் தெருவுக்கு, எந்த நேரத்தில் அனுப்பலாம் என்று சொல்ல எங்கள் பெட்டி போதும். நுண்துகளுக்கான (PM2.5) 24 மணி நேர வரம்பான, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமை ஒரு தெரு அடிக்கடி தாண்டுவதாகத் திருத்திய எண் காட்டினால், வண்டி வந்து பார்க்கட்டும். பெட்டி சொன்னது தப்பென்றால் அதையும் வெளியிடுவோம்.

அனுமதி ஐப்பசிக்குள் கிடைத்தால் நல்லது. மழை, பனி, போகிப் புகை மூன்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, அப்படியே அக்னி நட்சத்திரத்தின் வறண்ட வெயிலுக்கும் சமன்பாடு நிற்கிறதா என்று சோதிக்கலாம். பெட்டிகளை மாட்ட ஏணியோடு நாங்களே வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
வடசென்னையில் மொட்டை மாடிப் பெட்டி வைத்திருப்பவர்களில் ஒருவர்