ஸ்கேன் திரையை எங்கள் பக்கமும் கொஞ்சம் திருப்புங்கள்

புற்றுநோய் அறுவை மருத்துவர்களுக்கும், சிகிச்சையை முடிவு செய்யும் மருத்துவக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு இரைப்பையில் புற்றுநோய். கண்டுபிடித்த அன்றைக்கே கல்லீரலில் இரண்டு புள்ளிகள் இருந்தன. முதலில் போன மருத்துவமனையில், "பரவிடுச்சு, இனி ஆபரேஷனுக்கு வேலை இல்லை, கீமோ மட்டும்தான்" என்றார்கள். உட்கார்ந்த நாற்காலி சூடாகும் முன்பே எழுந்து வந்துவிட்டோம். பத்து நாள் கழித்து வேறொரு மருத்துவமனை. அதே சி.டி. ஸ்கேன். "ரெண்டே புள்ளிதானே, இரைப்பையோட சேர்த்து எடுத்துடலாம். வியாழக்கிழமை அட்மிட் ஆயிடுங்க" என்றார் அங்கிருந்தவர். அதற்கும் அதே அளவு நேரம்தான் ஆனது.

ஒருவர் முடியாது என்றார், ஒருவர் முடியும் என்றார். ஏன் என்று இருவருமே சொல்லவில்லை. அந்தப் பத்து நாளில் வீட்டில் நடந்த சண்டையை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. ஆபரேஷன் வேண்டாம் என்றவர்களெல்லாம் அம்மாவைக் கைவிட்டவர்கள் போலவும், வேண்டும் என்றவர்கள்தான் பாசமுள்ளவர்கள் போலவும் ஆகிப்போனது.

உறவில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்று கல்லீரலுக்குப் பரவி, அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, பல வருடமாக நன்றாக இருக்கிறார். "அவருக்குச் செய்தாங்களே, அம்மாவுக்கு ஏன் கூடாது?" என்பதுதான் எங்கள் வீட்டில் ஓயாத கேள்வி. நியாயமான கேள்விதான். குடலிலிருந்தும் இரைப்பையிலிருந்தும் திரும்பும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. புற்றணுக்கள் அங்கே தங்குவது இரண்டிலும் ஒரே வழியில்தான். ஆனால் பெருங்குடல் புற்று சில பேருக்குக் கல்லீரலோடு நின்றுவிடும். இரைப்பைப் புற்று அப்படி நிற்பது குறைவு. கல்லீரலில் தெரிகிற நேரத்தில் வயிற்றறையின் உள்ளுறையிலும் தூரத்து நிணநீர்க் கணுக்களிலும் பலருக்கு ஏற்கெனவே விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற இரண்டு புள்ளிகளை எடுப்பதால் மட்டும் நோய் போய்விடாது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம் எங்களுக்குக் கிடைத்திருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். கல்லீரலையும் சேர்த்து அறுத்தவர்களைப் பற்றி ஜப்பானியப் பல மருத்துவமனைகள் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட கணக்கில் 256 பேர். அதில் ஐந்து வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 31 பேர். படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்த நாள்தான் உறைத்தது: அந்த 256 பேரும் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். அவர்களிலும் கல்லீரலில் மூன்று கட்டியோ அதற்கு மேலோ இருந்தவர்கள், ஐந்து சென்டிமீட்டரோ அதைவிடப் பெரிதோ ஆன கட்டி இருந்தவர்கள், இரைப்பைச் சுவரின் வெளி உறை வரை புற்று ஊடுருவியவர்கள் குறைவாகவே பிழைத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு நோய் திரும்பியது, அதுவும் அதிகமாக மீதிக் கல்லீரலிலேயே.

சீட்டுப் போட்டுப் பிரித்துப் பார்த்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. ஜப்பானும் தென் கொரியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய ரெகட்டா ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது. பரவிய நோயில் இரைப்பையை மட்டும் எடுத்துவிட்டுக் கீமோ கொடுத்தவர்கள், வெறும் கீமோ எடுத்தவர்களைவிட அதிக நாள் வாழவில்லை. ஜெர்மனியின் ரெனைசான்ஸ் ஆய்வு 2024-ல் வந்தது. குறைவாகப் பரவியவர்கள் 139 பேருக்கு முதலில் கீமோ கொடுத்து, பிறகு இரண்டாகப் பிரித்தார்கள். அறுவைப் பிரிவில் பாதிப் பேர் 18.5 மாதத்தைத் தாண்டினார்கள், கீமோவை மட்டும் தொடர்ந்த பிரிவில் பாதிப் பேர் 23.6 மாதத்தைத் தாண்டினார்கள். வியாழக்கிழமை வரச் சொன்ன மருத்துவர் இதை எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பெரிய அறுவைக்குப் பிறகு உடம்பு தேறிக் கீமோவுக்குத் திரும்ப எத்தனை பேரால் முடியாமல் போகிறது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

அதே நேரத்தில் முதல் மருத்துவரிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஜப்பானிய வழிகாட்டுதல், வேறெங்கும் பரவாமல் கல்லீரலில் ஒரே ஒரு கட்டி இருப்பவர்களுக்கு அறுவையை யோசிக்கலாம் என்கிறது. அம்மாவுக்கு இருந்தது இரண்டு. ஆனாலும் முதலில் கீமோ கொடுத்து, நன்றாகக் கட்டுப்பட்டவர்களை அறுவைக்கு எடுப்பதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு சிறிய கூட்டம் இருக்கிறது என்றால், அம்மா அதற்குள் வரமாட்டார் என்று முதல் நாளே எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

இந்தக் கேள்வியோடுதான் மூன்றாவதாக ஒருவரிடம் போனோம். கல்லீரல் அறுவை செய்பவர். பேச ஆரம்பிக்கும் முன் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு அடுக்காகக் கல்லீரல் நகர்ந்தது. ஓரிடத்தில் மிளகளவு கறுப்புப் புள்ளி ஒன்று தோன்றி, பெரிதாகி, மூன்று அடுக்கில் மறைந்தது. "இது வலது பக்கம். இன்னொண்ணு இங்கே, ரத்தக்குழாய்க்குப் பக்கத்துல. ரெண்டையும் எடுத்தாலும் மீதிக் கல்லீரல் போதும். கல்லீரல் வளரும். எடுக்கிறது கஷ்டம் இல்லை. எடுத்தா அம்மாவுக்கு லாபமா என்பதுதான் கேள்வி" என்றார். அவ்வளவு தெளிவாக எங்களிடம் யாரும் பேசியதில்லை. அம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் நோயைப் பற்றித் தானே கேள்வி கேட்டார்.

மூன்று மாதம் கீமோ, பிறகு மறுபடி ஸ்கேன், எம்.ஆர்.ஐ. நல்லபடியாக இருந்தால் வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்பராஸ்கோப்பி, அதுவும் நன்றாக இருந்தால்தான் அறுவை என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். கீமோ தொடங்கும் முன் பயாப்ஸித் துண்டில் ஹெர்-2 (எந்த மருந்து சேர்க்கலாம் என்று காட்டும் ஒரு புரதம்) பார்த்தாயிற்றா என்று கேட்டதும் அவர்தான். அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை.

புள்ளிகள் சுருங்கின. நாங்கள் எல்லோரும் அறுவைக்குத் தயாரானோம். லேப்பராஸ்கோப்பியில், ஸ்கேன் எதிலும் தெரியாத ரவை போன்ற வெள்ளை மணிகள் உள்ளுறை முழுக்க இருந்தன. அதில் ஒன்றைக் கிள்ளிச் சோதித்ததில் புற்று உறுதியானது. அறுவை இல்லை என்று முடிவானது. அவர் எடுத்த படத்தை அம்மா வாங்கிப் பார்த்தார். "இது இருக்கும்போது கல்லீரலை வெட்டி என்ன பண்றது, சரி" என்றார். முதல் மருத்துவமனையில் கேட்ட அதே "முடியாது"தான். ஆனால் இந்த முறை வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அம்மா அதற்குப் பிறகு இருந்த பதினோரு மாதத்தையும் எங்களோடு பேசிக்கொண்டே கழித்தார்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். இரைப்பைப் புற்றோடு கல்லீரலில் ஒன்றிரண்டு கட்டிகளுடன் வருகிற ஒவ்வொருவரின் ஸ்கேனையும், கல்லீரல் அறுவை தெரிந்த ஒருவர் இருக்கிற குழுவில் ஒரு முறையாவது பாருங்கள். கீமோவுக்குப் பிறகு அதே கேள்வியை மறுபடி கேளுங்கள், முதல் நாள் பதிலையே கடைசி வரை வைத்துக்கொள்ளாதீர்கள். கத்தியை எடுப்பதற்கு முன் வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பாருங்கள். அறுவை செய்தவர், செய்யாதவர் இரு தரப்பின் கணக்கையும் ஒரு பதிவேட்டில் சேருங்கள். செய்து பிழைத்தவர்கள் மட்டும் எழுதப்பட்டால், எங்களைப் போன்றவர்கள் ராத்திரியில் தவறான எண்ணைப் படித்துக்கொண்டே இருப்போம். வசதி குறைந்த இடங்களில் இதெல்லாம் எளிதில்லை என்று எனக்குத் தெரியும். அங்கே, கேட்க வேண்டிய இடத்துக்கு ஸ்கேனை அனுப்பியாவது கேளுங்கள்.

இதில் எதற்குமே நேரம் இல்லாத நாள் ஒன்று வரும். அன்றைக்கு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். கோப்பில் "அறுவை சிகிச்சைக்கு உகந்ததல்ல" என்று எழுதும் இடத்துக்குக் கீழே, ஏன் என்று இன்னும் ஒரு வரி எழுதுங்கள். வீட்டுக்கு வந்து அதை நாங்கள் பலமுறை படிப்போம்.

இப்படிக்கு,
அந்த அம்மாவின் மகள்