டிஸ்சார்ஜ் தாளில் ஏறாத எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மார்பகப் புற்றுநோய்க் கட்டுரை, கதிர்வீச்சு சிகிச்சையின் பக்கவிளைவுகளைத் ‘தோல் கறுக்கும், சோர்வு இருக்கும், சில வாரங்களில் சரியாகிவிடும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. கதிர்வீச்சுப் பிரிவில் தொழில்நுட்பராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

இடது மார்புக்குக் ‘கரண்ட்’ வைக்கும்போது (நோயாளிகள் அப்படித்தான் சொல்வார்கள்) அதற்குப் பின்னாலேயே இருக்கிறது இதயம். அதன் முன்பக்கம் இறங்கும் முக்கிய ரத்தக்குழாய் மார்புச் சுவருக்கு மிக அருகில் ஓடுகிறது. கதிர் பட்டால் குழாயின் உட்சுவர் புண்பட்டு, கொழுப்புப் படிவது வேகமெடுக்கும். அப்போது ஒன்றும் தெரியாது. ஸ்வீடன், டென்மார்க்கில் 1958 முதல் 2001 வரை சிகிச்சை பெற்ற பெண்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, இதயத்தில் சேரும் சராசரிக் கதிர் அளவு ஒரு கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கூடினால் மாரடைப்பு போன்றவற்றின் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுவதாகக் கண்டது. பாதிப்பு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் தொடங்கி, இருபது ஆண்டுகள் கடந்தும் தொடர்ந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட வேண்டாம். இதயக் கோளாறுக்கு வேறு காரணம் எதுவும் இல்லாத 50 வயதுப் பெண்ணின் இதயத்தில் 3 கிரே சேர்ந்தால், 80 வயதுக்குள் அவர் இதயநோயால் இறக்கும் வாய்ப்பு 1.9 சதவீதத்திலிருந்து 2.4 ஆகிறது என்று அதே ஆய்வு சொல்கிறது. சிகிச்சையின் பலன் பெரும்பாலோருக்கு இதைவிடப் பெரியது. நெஞ்சு எக்ஸ்ரேவுக்கும் பயப்பட வேண்டாம். அது கிரேயில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.

இப்போது பல இடங்களில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கதிர் பாய்ச்சுகிறார்கள். நுரையீரல் விரிந்ததும் இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகும். திரையில் மூச்சின் கோடு, குறித்துவைத்த பட்டைக்குள் நிற்கும்வரைதான் கதிர் வரும். பயத்தில் சிலர் தோளைத் தூக்கிவிடுவார்கள், மூச்சு உள்ளே போகாது. முன்னதாக ஒத்திகை பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

என் ஆதங்கம் வேறு. சி.டி. படத்தை வைத்துத் திட்டம் போடும்போதே இதயத்துக்கு எத்தனை கிரே என்று கணினி கணக்கிட்டுவிடுகிறது. அந்த எண் பெரும்பாலும் இயற்பியலாளரின் மேசையைத் தாண்டுவதில்லை. நோயாளியின் டிஸ்சார்ஜ் தாளில் மார்புக்கு இத்தனை கிரே, இத்தனை நாள் என்பதோடு சரி. பல ஆண்டுகள் கழித்து மூச்சிரைப்போடு உள்ளூர் மருத்துவரிடம் போகிறவர் என்னத்தைக் காட்டுவார்? முன்பு இந்தச் சிகிச்சை பெற்றிருந்த என் அண்ணிக்கு நெஞ்சு இறுக்கம் வந்தபோது வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பழைய பைலைக் கேட்டுப் போனால், அழித்துவிட்டோம் என்றார்கள். கடைசியில் ஆஞ்சியோவில்தான் அடைப்பு தெரிந்தது.

எந்தப் பக்கம், இதயத்துக்குச் சராசரி எத்தனை கிரே, இதயத்தைத் தாக்கக்கூடிய ‘சிவப்பு மருந்து’ (டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்து) ஏற்றப்பட்டதா என மூன்று வரிகளைத் தாளில் சேர்க்கச் செலவு ஒன்றுமில்லை. சுகரும் பிரஷரும் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். சிகிச்சையில் இருப்பவர்கள் கடைசி நாளன்று இந்த விவரங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் தருவார்கள், பணியில் இருந்தபோது பலருக்கு நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கதிர்வீச்சுத் தொழில்நுட்பர்,
திருச்சி